பனித்தளத்தில் தனியாகவா, கூட்டத்தோடா: தருமபுரித் தாய் ஒருவருக்குப் பதில்

கேள்வி: தருமபுரியில் வசிக்கிறோம். என் மகளுக்கு 12 வயது. 3 ஆண்டுகளாக இன்லைன் ஸ்கேட்டிங் (ஒரே வரிசையில் சக்கரங்கள் உள்ள காலணியில் ஓடுவது) பழகுகிறாள். பெங்களூரில் ஒரு வணிக வளாகத்துக்குள் இருக்கும் சிறிய ஐஸ் தளத்துக்கு இதுவரை 4 முறை அழைத்துச் சென்றிருக்கிறோம். ஆள் இல்லாத நேரத்தில் அழகாக வழுக்கிப் போகிறாள். நாலு பேர் உள்ளே வந்துவிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். கூடுதல் கட்டணம் கொடுத்தால் ஒரு மணி நேரம் தளத்தை எங்களுக்கு மட்டுமே விடுவதாகச் சொல்கிறார்கள். மாதம் இரண்டு முறைதான் எங்களால் போக முடியும். தனியாகப் பழகுவது நல்லதா, மற்றவர்களோடு பழகுவதா? "யாரும் இல்லாதபோது செய்ததெல்லாம் கணக்கில் வருமா?" என்று அவளும் கேட்கிறாள்.

பதில்: உங்கள் மகளின் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். வரும். தனியாக இருக்கும்போது அவளுடைய கால் எதைச் செய்ததோ, அது அவளுக்குத் தெரிந்ததுதான். கூட்டத்தில் அது வெளிவரவில்லை என்பதால் அவள் கற்கவில்லை என்றோ, அவளுக்குத் தைரியம் போதாது என்றோ எண்ணிவிடாதீர்கள். தயவுசெய்து அவள் காதுபட அப்படிச் சொல்லிவிடவும் வேண்டாம்.

நான் ஓசூர்க்காரி. வேலைக்காகக் கனடாவில் 14 ஆண்டுகள் இருந்தேன். 36 வயதில்தான் முதன்முதலாகப் பனித்தளத்தில் கால் வைத்தேன். பிறகு சனிக்கிழமைகளில் குழந்தைகளின் குழு வகுப்பில் உதவியாளராகப் பல ஆண்டுகள் நின்றிருக்கிறேன். சுவரை விட்டு வராத பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலானோர் பிறகு நன்றாகவே ஸ்கேட் செய்தார்கள்.

நீங்கள் கவனித்தது மனித இயல்பு. 1898இல் நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்க உளவியலாளர், சைக்கிள் பந்தயக்காரர்கள் தனியாக ஓட்டுவதைவிடப் பிறரோடு ஓட்டும்போது வேகமாகப் போகிறார்கள் என்று எழுதினார். பின்னர் வந்தவர்கள் சோதித்தபோது சிலருக்குக் கூட்டம் உதவியது, சிலருக்குக் கெடுத்தது. 1965இல் ராபர்ட் ஸயான்ஸ் இந்த முடிச்சை அவிழ்த்தார். நன்றாகப் பழகிவிட்ட காரியத்தைச் செய்யும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் அது மேம்படுகிறது. இன்னும் பழகாத காரியம் தடுமாறுகிறது. 1969இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் கரப்பான் பூச்சிகளை வைத்தே இதைக் காட்டினார்கள். நேரான பாதையில், மற்றப் பூச்சிகள் பார்த்திருக்க ஓடிய பூச்சி வேகமாக ஓடியது. வளைவும் முட்டுச்சந்தும் உள்ள பாதையில் அதே பார்வையாளர்கள் இருக்க, தாமதமாகவே வழி கண்டது. உங்கள் மகளுக்குச் சக்கரம் நேர்ப்பாதை. பனி இன்னும் வளைந்த பாதை.

ஆகவே புதிதாகக் கற்பதற்கு இடம் காலியாக இருக்க வேண்டும். கற்றதை உறுதிப்படுத்த ஆட்கள் வேண்டும். இதுதான் என் பதில். ஆனால் இதை வைத்துக்கொண்டு உடனே தளத்தை வாடகைக்கு எடுத்துவிடாதீர்கள். பணம் கொடுத்து அவளை வெறும் தளத்தில் ஒற்றையாக விடுவதை நான் ஏன் விரும்பவில்லை என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

காலியான பனியின் உண்மையான பயன் என்னவென்று முதலில் சொல்கிறேன். இடித்துவிடுவார்களோ என்ற பயம் இல்லாமல் இருப்பது அதில் ஒரு சிறு பங்குதான். பெரிய பயன், உங்கள் தடத்தை நீங்களே படிக்க முடிவது. ஃபிகர் ஸ்கேட் என்ற பனிக் காலணியின் அடியிலுள்ள உலோகத் தகடான பிளேடு சுமார் 4 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. அதன் அடிப்பக்கம் நீளவாக்கில் குழிவாகச் சாணை பிடிக்கப்பட்டிருக்கும். அதனால் ஒவ்வொரு காலுக்கும் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு விளிம்புகள் உண்டு. ஒரு விளிம்பில் சாய்ந்து போனால் பனியில் ஒற்றைக் கோடு விழும். இரண்டிலும் தட்டையாக நின்றால் இரட்டைக் கோடு விழும். இதைச் சொல்ல ஆசிரியர் தேவையில்லை. குனிந்து பார்த்தால் போதும். இயந்திரம் தண்ணீர் விட்டு மெழுகிப் போன புதுப் பனியில் இந்தக் கோடுகள், வாசல் தெளித்த ஈரத் தரையில் இட்ட கோலம் போலப் பளிச்சென்று தெரியும். முப்பது பேர் கால்மணி நேரம் சுற்றியபின் தளம் முழுக்கக் கீறலும் தூளுமாகிவிடும். அதில் உங்கள் கோடு எது என்று கண்டுபிடிக்க முடியாது.

கோலம் என்று சொன்னது சும்மா உவமைக்காக அல்ல. ஃபிகர் ஸ்கேட்டிங் என்ற பெயரில் உள்ள 'ஃபிகர்' அந்தக் கோலம்தான். ஒற்றைக் காலில் எட்டு என்ற வடிவத்தை வரைந்து, அதன் மேலேயே மறுபடியும் மறுபடியும் கோடு பிசகாமல் போக வேண்டும். நடுவர்கள் பனியில் குனிந்து கோட்டைப் பார்த்து மதிப்பெண் இடுவார்கள். ஒரு காலத்தில் மொத்த மதிப்பெண்ணில் 60 சதவீதம் இதற்கே இருந்தது. உலகப் போட்டிகளில் 1990ஆம் ஆண்டோடு இது நின்றுபோனது. தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களுக்கு இதில் சுவை இல்லை என்பது ஒரு முக்கியக் காரணம். எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது. சிக்குக் கோலம் போடத் தெரிந்த நம் பெண்களுக்கு அது எவ்வளவு பிடித்திருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

அந்தக் காலத்துப் பயிற்சி முறைதான் உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துகிறது. தளத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கொடுப்பார்கள். 'பேட்ச்' என்று அதற்குப் பெயர். வயலில் பாத்தி பிரிப்பது போலத்தான். அவரவர் தன் பாத்திக்குள் தன் எட்டை வரைந்துகொண்டிருப்பார். பக்கத்துப் பாத்தியில் ஆள் இருக்கிறார். ஆனால் குறுக்கே வரமாட்டார். தளத்தில் பேச்சே இருக்காது, பிளேடு உரசும் ஒலி மட்டும் கேட்கும். எனக்குக் கற்றுக்கொடுத்த மூத்த பெண்மணி அந்த முறையில் வளர்ந்தவர். "அந்த அமைதியில்தான் என் கால் எனக்கு அறிமுகமானது" என்பார். உங்கள் மகளுக்கு நான் வேண்டுவது இதைத்தான்: அவளுக்கென்று ஒரு பாத்தி, பக்கத்தில் மனிதர்கள்.

பக்கத்தில் மனிதர்கள் ஏன் வேண்டும் என்பதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. ஒரு குளிர்காலக் காலை, ஆறு மணிக்குத் தளத்தில் நான் மட்டும் இருந்தேன். பின்னோக்கிப் போகப் பழகிக்கொண்டிருந்தபோது பிளேடின் பின்முனை மாட்டி, மல்லாந்து விழுந்தேன். பின்மண்டை தரையில் மோதியது. தலைக்கவசம் போட்டிருக்கவில்லை. எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பணியாளர் வேறொரு அறையில் இருந்தார். நானாக எழுந்து, நானே வண்டி ஓட்டி வீட்டுக்குப் போனேன். நான் செய்ததிலேயே பெரிய தவறு அப்படி ஓட்டிப் போனதுதான். தலையில் அடிபட்டவருக்குத் தான் குழம்பியிருப்பது தெரியாது. அது பக்கத்தில் இருப்பவர்தான் கவனிக்க வேண்டிய விஷயம். தலைவலி, வாந்தி, கேட்டதையே திரும்பக் கேட்பது, வழக்கத்துக்கு மாறான தூக்கம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது. நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெங்களூரிலிருந்து தருமபுரிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று அடிபட்ட பிள்ளையைப் பஸ்ஸில் தூங்க வைத்து அழைத்து வந்துவிடாதீர்கள்.

நம் ஊரில் கிணற்றில் நீச்சல் பழக்குவார்களே, அதை நினைத்துப் பாருங்கள். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு பிள்ளை தனியாகத்தான் கையைக் காலை அடிக்கும். படிக்கட்டில் தாய்மாமனோ பெரியப்பாவோ உட்கார்ந்திருப்பார். அவர் நீந்தமாட்டார், பேசவும் மாட்டார். கண் மட்டும் தண்ணீர் மேலேயே இருக்கும். அவர் இல்லாமல் எந்த வீட்டிலும் பிள்ளையைக் கிணற்றில் இறக்கமாட்டார்கள். பனியிலும் அதே விதி. நீங்கள் சுவருக்கு வெளியே உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவள் தனியாக இருக்கிறாள் என்றுதான் அர்த்தம்.

(பின்னொரு நாளில் இமாசலத்துக்கோ லடாக்குக்கோ போய் இயற்கையாக உறைந்த ஏரியைப் பார்க்க நேர்ந்தால் இந்த விதி இன்னும் கடுமையாகும். கனடாவின் செஞ்சிலுவைச் சங்கம், ஒருவர் ஸ்கேட் செய்யக் குறைந்தது 15 சென்டிமீட்டர், கூட்டமாக விளையாட 20 சென்டிமீட்டர் பனி வேண்டும் என்று சொல்கிறது. ஏரிப் பனியில் யாரும் தனியாக இறங்கக் கூடாது. தடிமன் எவ்வளவு இருந்தாலும் சரி.)

இனி கூட்டத்தைப் பற்றி. உங்கள் மகள் கூட்டத்தில் உறைந்து நிற்பதற்கு அவளுடைய கால் காரணமல்ல என்று நினைக்கிறேன். பார்வைதான் காரணம். தனியாக இருக்கும்போது அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டு போகிறாள். கூட்டத்தில் அது செல்லாது. எதிரே யார், பின்னால் யார், அந்தச் சிவப்புச் சட்டைப் பையன் எப்போது விழுவான் என்று பார்க்க வேண்டும். காலைப் பார்க்கும் கண்ணை எடுத்தால் கால் கலங்குகிறது. உடனே சுவரைத் தேடுகிறாள். அடுத்த முறை போகும்போது ஒன்று செய்யுங்கள். தளத்தில் இறங்குவதற்கு முன், பத்து நிமிடம் வெளியே நின்று கூட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். யார் வேகம், யார் தள்ளாட்டம், எந்த மூலையில் ஆட்கள் சேர்ந்துவிடுகிறார்கள் என்று அவள் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் உதவி செய்த வகுப்பில் இது மிகப் பயந்த பிள்ளைகளையும் மாற்றியிருக்கிறது. கூட்டத்துக்கும் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டவுடன் அதன் மேலுள்ள பயத்தில் பாதி போய்விடுகிறது.

அந்த ஒழுங்கு இதுதான். பொது நேரத்தில் பெரும்பாலும் எல்லோரும் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றுவார்கள். கோயிலில் நாம் வலம் வருவதற்கு நேர்மாறாக. மெதுவாகப் போகிறவர்கள் சுவரோரம். வேகமானவர்கள் அதற்கு உள்ளே. சுழற்சியோ புது அசைவோ பழகுபவர்கள் நடுவில். நடுவிலுள்ள அந்த வட்டம்தான் கூட்ட நேரத்தில் அவளுக்குக் கிடைக்கும் பாத்தி என்பதைக் கவனியுங்கள். சுவரோரத்தில்தான் பிடிப்பில்லாத புதியவர்கள் விழுந்துகொண்டே இருப்பார்கள். பயந்த பிள்ளை தேடிப் போய் நிற்கும் இடமே இடிபடும் வாய்ப்பு அதிகமுள்ள இடம். அவளை மெல்ல நடுவுக்குக் கொண்டு வாருங்கள்.

விழுந்தால் கைவிரல்களை மடக்கி முஷ்டியாக்கிக்கொண்டு, சட்டென்று எழ வேண்டும். விரித்த விரல்கள் மேல் பிறர் பிளேடு ஏறக்கூடும். பனியில் உட்கார்ந்து இளைப்பாறக் கூடாது. பின்னோக்கிப் போகும்முன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க வேண்டும். போட்டிக்குத் தயாராகிறவர்கள் பழகும் தளங்களில் இன்னொரு மரபும் உண்டு. யாருடைய ஆட்டத்துக்கான இசை ஒலிக்கிறதோ அவருக்கு எல்லோரும் வழிவிட வேண்டும். அடையாளத்துக்கு அவர் இடுப்பிலோ தோளிலோ வண்ணப் பட்டை கட்டியிருப்பார். தனியாகவே பழகும் பிள்ளைக்கு இந்த மரபுகளை எத்தனை ஆண்டானாலும் கற்பிக்க முடியாது.

உலகத்தின் மிகச் சிறந்தவர்களுக்கும் இது தீராத சிக்கல். 2014 நவம்பரில் ஷாங்காயில் நடந்த போட்டியில், அந்த ஆண்டின் ஒலிம்பிக் சாம்பியனான ஜப்பானின் யுசுரு ஹன்யூவும் சீனாவின் யான் ஹானும் முன்பயிற்சியின்போது முழு வேகத்தில் மோதிக்கொண்டார்கள். இருவருக்கும் அடி. ஹன்யூ தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினார். ஐந்து முறை விழுந்தும் இரண்டாம் இடம் பிடித்தார். பலர் அதை வீரம் என்றார்கள். பிள்ளைகளின் பயிற்சிக்கு உதவியவளாக எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் அன்று ஆடியிருக்கவே கூடாது. தலையில் அடிபட்ட நாளில் யாரும் ஆடக் கூடாது.

அந்தப் போட்டியின் அமைப்பை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். ஒற்றையர் போட்டியில் ஆறு பேர் வரை ஒரே நேரத்தில் பனியில் இறங்கி ஆறு நிமிடம் முன்பயிற்சி செய்வார்கள். பிறகு எல்லோரும் வெளியேற, ஒருவர் மட்டும் 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள வெற்றுத் தளத்தில் நிற்பார். இந்த விளையாட்டே கூட்டத்தையும் தனிமையையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறது. யாரும் இல்லாதபோது செய்வதுதான் மதிப்பெண் பெறுகிறது. ஆனால் அங்கு போய்ச் சேர அந்த ஆறு நிமிடத்தைக் கடந்தாக வேண்டும்.

இன்லைனிலிருந்து வருவது அவளுக்குப் பெரிய பலம். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 500 மீட்டர் வேகச் சறுக்கில் தங்கம் வென்ற அமெரிக்காவின் எரின் ஜாக்சன் இன்லைனில் வளர்ந்தவர். நம் சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவில் 1000 மீட்டரிலும் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் இன்லைன் உலகச் சாம்பியன் ஆனார். மாரத்தானில் பெரும்பகுதி நேரம் பிறர் முதுகுக்குப் பின்னால், காற்றை அவர்கள் வாங்க, நெருங்கி ஓடுவதுதான் திறமை. அதைத் தனியாகப் பழகவே முடியாது. உங்கள் மகளுக்கு மாற வேண்டியவை இரண்டு. சக்கரத்தில் பக்கவாட்டில் சறுக்கி நிற்பது எளிதல்ல. பனியில் நிறுத்துவதே அப்படிச் சறுக்கித்தான். இன்னொன்று, ஃபிகர் ஸ்கேட்டின் முன்முனையில் பல் இருக்கும். கால் நுனியால் உந்தும் பழக்கம் இருந்தால் அது தடுக்கி, முகம் குப்புற விழ வைக்கும்.

நிற்கத் தெரியாத பிள்ளை கூட்டத்துக்குப் பயப்படுவது நியாயமானது. அவள் சுவரைப் பிடிப்பதற்குப் பார்வையோடு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். கூட்டத்துக்குள் போகும்முன் அவளுக்கு முதலில் தேவை நிற்கும் திறன்: இரண்டு குதிகால்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளி, பனியைச் சீவி நிற்பது. அது கைவந்தபின் கூட்டம் வேறு மாதிரி தெரியும்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். தனி மணி நேரத்தை எடுங்கள். ஆனால் உங்கள் ஒரு பிள்ளைக்காக எடுக்காதீர்கள். அவளோடு இன்லைன் பழகும் பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசுங்கள். கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் சக்கரம் கட்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பேருந்துப் பாதையே உங்கள் பாதைதான். நான்கு குடும்பங்கள் பங்கு போட்டால் ஒரு வண்டியில் போய்விடலாம்; வாடகையும் கால் பங்காகிவிடும். முதல் இருபது நிமிடம், பனி புதிதாக இருக்கும்போது, தளத்தை நான்கு பாத்தியாகப் பிரித்துவிடுங்கள். அவரவர் இடத்தில் அவரவர் வேலை: நிற்பது, ஒற்றைக் காலில் வளைவது, தன் கோட்டைக் குனிந்து பார்ப்பது. பேச்சு வேண்டாம், இசையும் வேண்டாம். அடுத்த இருபது நிமிடம் நால்வரும் ஒரே திசையில் சுற்றட்டும். ஒருவரை ஒருவர் முந்தட்டும். நீங்கள் கை தட்டினால் எல்லோரும் நிற்க வேண்டும். மிச்ச நேரத்தை அவர்களிடமே விட்டுவிடுங்கள். துரத்திப் பிடித்து விளையாடுவார்கள். உங்கள் மகள் கூட்டத்தை மறந்து ஓடுவதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மாதத்தின் இரண்டாவது பயணத்தைப் பொது நேரத்துக்கு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை வேண்டவே வேண்டாம். தளம் திறக்கும் முதல் நேரத்துக்குப் போங்கள். பனியும் புதிது, ஆளும் குறைவு. கால்மணி நேரத்துக்குள் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். கூட்டம் கண் முன்னே மெல்லப் பெருகுவது, நிறைந்த கூட்டத்துக்குள் நுழைவதைப்போல அச்சுறுத்தாது. அவளுடைய பழைய தோழிகளில் ஒருத்தி உடன் இருந்தால் இன்னும் நல்லது. பொது நேரத்தில் புதிதாக எதையும் பழக வைக்காதீர்கள். தெரிந்ததை மட்டும் செய்யட்டும். "எத்தனை பேர் முன்னால் செய்தாய்?" என்று கணக்குக் கேட்கவும் வேண்டாம்.

இடைப்பட்ட நாட்களில் தருமபுரியிலேயே செய்ய நிறைய இருக்கிறது. வீட்டு மாடியில் ஒற்றைக் காலில் முழங்காலை மடித்து நின்று, இடமும் வலமும் தலையைத் திருப்பி, பின்னால் நீங்கள் காட்டும் விரல்களை எண்ணட்டும். இது எளிதாகத் தெரியும். ஐந்தாம் எண்ணிக்கையில் உடல் தள்ளாடும். நிற்கத் தெரிந்தபின் கூட்டத்தில் அவளுக்குத் தேவைப்படுவது இந்தத் திறமைதான். சுண்ணாம்புக் கட்டியால் பெரிய எட்டு ஒன்றை வரைந்து, இன்லைன் சக்கரத்தில் அதன் மேல் போகட்டும், கீழே பார்க்காமல்.

தலைக்கவசம், கையுறை, நீளக் கால்சட்டை ஆகியவை இல்லாமல் பனியில் இறக்காதீர்கள். கனடாவில் நான் உதவிய திட்டத்தில் தொடக்கநிலைப் பிள்ளைகள் எவரும் தலைக்கவசம் இல்லாமல் பனிக்குள் வர அனுமதி இல்லை. கையுறை இரண்டு ஜோடி எடுத்துச் செல்லுங்கள். முதல் ஜோடி எப்படியும் நனைந்துவிடும். வாடகை ஸ்கேட்டைக் கட்டும்முன் பிளேடின் விளிம்பைப் பார்த்து வாங்குங்கள். மழுங்கியிருந்தால் வேறு ஜோடி கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். மழுங்கிய விளிம்பில் நிறுத்தப் பழக முடியாது. பிள்ளையோ தன் மேல்தான் குறை என்று நினைத்துக்கொள்ளும்.

நான்கு குடும்பங்கள் சேராவிட்டால் இரண்டு போதும். இரண்டும் சேராவிட்டால் எனக்கு எழுதுங்கள். ஓசூரில் ஏறிக்கொள்கிறேன்.